பேசாத படமும் ஏவி.எம். செட்டியாரும்



இந்த மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று பேரவைச் செயலாளர் சொன்னபோது நான் லேப்பில் இருந்தேன். மேலே வந்து பார்ப்பதற்குள் காமராஜர், அப்துல் கலாம், சர்.சி.வி.ராமன் எல்லாரையும் நண்பர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கேட்டு வாங்கியது ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரை. சினிமாக்காரரைப் பற்றிப் பாலிடெக்னிக் மலரில் என்னடா எழுதுவே என்று சிலர் சிரித்தார்கள். நடிகர் நடிகைகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. படம் ஒரு இடத்திலும் சத்தம் இன்னொரு இடத்திலும் கிடந்தால் ரெண்டையும் எப்படி ஒட்டுவது என்கிற ஒரே ஒரு சங்கடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்தச் சங்கடத்தில் நான் மூணு வாரம் கிடந்தேன். செட்டியார் பத்து வருஷம் கிடந்தார்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அவரை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்பது புரியாது.

எங்க வீடு சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பத்தில். கரையில் நின்று வடக்கே பார்த்தால் அணுமின் நிலையத்தின் உருண்டைக் கோபுரங்கள் தெரியும். அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சென்ற பொங்கல் விழாவுக்கு, நம்ம பகுதி உழைப்பாளிகளைப் பற்றிப் பத்து நிமிஷப் படம் ஒன்று எடுக்கலாம் என்று எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு வகுப்பில் முடிவானது. யாரை எடுப்பது என்று யோசிக்கும்போது எங்க அப்பா பெயர் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அவருடைய கட்டுமரம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஃபைபர் போட்டு. நான் பிறந்ததே அதற்குப் பிந்தித்தான். அந்தக் கதையை அப்பா என்னிடமே முழுசாக ஒருநாளும் சொன்னதில்லை. கேமரா முன்னால் சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் வலை பின்னிக்கொண்டே சொன்னார்.

கேமரா இரவல். கல்யாண போட்டோ எடுக்கிற அண்ணன் ஒருவர் தன்னுடைய பழைய கேனான் 5டி மார்க் த்ரீயைக் கொடுத்தார். அதில் மேஜிக் லேன்டர்ன் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார். உலகம் பூராவும் இருக்கிற ஆர்வலர்கள் சிலர் சம்பளம் இல்லாமல் எழுதிய மென்பொருள் அது. 2013-ல் அவர்கள்தான் இந்தக் கேமராவுக்குள் ரா வீடியோ எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ரா என்றால் பச்சை. சமைக்காத சரக்கு. சென்சார் பார்த்ததை அமுக்காமல் அப்படியே கார்டில் கொட்டுவது. 1920-க்கு 1080 அளவில், 14 பிட்டில், செகண்டுக்கு 24 படம் என்றால் கிட்டத்தட்ட 87 மெகாபைட் ஒவ்வொரு செகண்டும். 64 ஜிபி கார்டு பன்னிரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். படம் என்னமோ அற்புதமாக இருக்கும், வெயிலில் வெளுத்த மணலில்கூட நிறம் நிற்கும். ஆனால் அந்த அண்ணன் போட்டிருந்த பதிப்பில் ஒரு குறை. சத்தம் பதியாது. சுத்தமாக ஊமைப்படம்.

அதனால் சத்தத்தை என் செல்போனில் தனியாகப் பதிந்தோம். கொண்டல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. போனை ஸ்பாஞ்சில் சுற்றி, அப்பா மடியில் கிடந்த வலைக்குள் செருகி வைத்தோம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டால்தான் தெரிந்தது, கிளாப் அடிக்க மறந்துவிட்டோம். படம் எங்கே ஆரம்பிக்கிறது, சத்தம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

அப்போதுதான் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர், இந்தத் தலைவலியெல்லாம் தமிழ்நாட்டில் யார் முதலில் பட்டார்கள் தெரியுமா, போய்ப் படி என்றார். படித்தேன். பிறகு வடபழனியில் 2023-ல் திறந்த ஏவிஎம் மியூசியத்துக்கும் ஈ.சி.ஆர். பஸ் பிடித்துப் போய்வந்தேன். வந்தவர்கள் எல்லாம் பழைய கார்கள் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராக்கள் பக்கம் நின்றேன்.

இனி அவருடைய கதை.

ஆவிச்சி மெய்யப்பன் 1907-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி காரைக்குடியில் பிறந்தார். நகரத்தார் குடும்பம். அப்பா ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் கடை வைத்திருந்தார். கிராமபோன் தட்டுகளும் அதில் விற்றார்கள். பையன் பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை, இளம் வயதிலேயே கடைக்கு வந்துவிட்டார். இது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, என்ன இருந்தாலும் நான் டிப்ளமோ வரை வந்துவிட்டேன் அல்லவா! ஆனால் தட்டு விற்கிற கடையில் வளர்ந்ததே ஒரு படிப்புத்தான். எந்தக் குரலை ஜனங்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், எதைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று தினமும் பார்த்த பையன் அவர். தட்டில் முகம் கிடையாது, குரல் மட்டும்தான். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காரைக்குடி போதாது என்று சென்னைக்கு வந்தார். 1932-ல் நண்பர்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடியன் என்ற ஜெர்மன் கம்பெனியின் இசைத்தட்டுகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டு, பாடகர்களையும் நாடகக்காரர்களையும் கூப்பிட்டுத் தட்டுப் பதிந்து விற்றார்கள். வியாபாரம் நன்றாக ஓடியது.

அந்தச் சமயத்தில் சினிமா அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. அமெரிக்காவில் 1927-ல் வந்த 'ஜாஸ் சிங்கர்' படத்தில் சத்தம் படச்சுருளில் இல்லை, தனியாக ஒரு பெரிய கிராமபோன் தட்டில் இருந்தது. புரொஜக்டரையும் தட்டையும் ஒரே மோட்டாரால் சுற்றவிட்டார்கள். ஃபிலிம் எங்காவது அறுந்து நாலு கட்டம் போய்விட்டால், அதே நீளத்துக்குக் கருப்பு ஃபிலிமை ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வாய் முன்னே போகும், பேச்சு பின்னே வரும். ஊசி பள்ளம் மாறிக் குதித்தாலும் இதே கதிதான். பிறகுதான் சத்தத்தை ஒளிக்கோடாக ஃபிலிமின் ஓரத்திலேயே பதியும் முறை நிலைத்தது. நம் நாட்டின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வும், தமிழ் பேசிய 'காளிதாஸ்' படமும் 1931-ல் வந்தன.

அந்த நாள் படப்பிடிப்பை நினைத்துப் பாருங்கள். நடிகரே பாட வேண்டும். பாடும்போதே படமும் பிடிக்க வேண்டும். மைக்கைப் படத்தில் தெரியாமல் மேலேயோ மரத்தின் மறைவிலோ தொங்கவிட வேண்டும். ஆர்மோனியம், பிடில், தபலாக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் மறைவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். காக்காய் கத்தினால் மறுபடி முதலிலிருந்து! அதனால் நன்றாகப் பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகன், கதாநாயகி. முகம் எப்படி இருந்தாலும் சரி.

மெய்யப்பன் சினிமாவுக்குள் வந்தது இந்த நிலைமையில். 'அல்லி அர்ஜுனா' 1935-ல் வந்தது. கல்கத்தாவுக்குப் போய் எடுத்தார். நஷ்டம். அதே வருஷம் 'ரத்னாவளி'. அதுவும் நஷ்டம். சொந்தக் காசும் கூட்டாளிகள் காசும் போயிற்று. வேறு யாராவதாக இருந்தால் தட்டுக் கடையோடு போதும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1935-ல், அதே கல்கத்தாவில்தான் நியூ தியேட்டர்ஸ் கம்பெனியில் நிதின் போஸ் என்ற இயக்குநரும் ராய்சந்த் போரால் என்ற இசையமைப்பாளரும் 'பாக்ய சக்ரா' என்ற வங்காளிப் படத்தில் பாட்டைத் தனியாக முன்கூட்டியே பதிந்து, பிறகு நடிகர்களை வாயசைக்க விட்டுப் படம் பிடித்தார்கள். இந்தியாவில் பின்னணிப் பாடல் பிறந்தது அங்கேதான். நம்மவர் தோற்ற ஊரிலேயே, தோற்ற வருஷத்திலேயே அவருக்கு வேண்டிய மருந்தும் தயாராகிக்கொண்டிருந்தது.

பெங்களூரில் தியேட்டர் வைத்திருந்த ஜெயந்திலால் என்பவரோடு சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் என்று புதுக் கம்பெனி தொடங்கினார். 1938-ல் 'நந்தகுமார்'. கிருஷ்ணர் கதை. இயக்கியவர் மராத்திப் படவுலகில் பெயர் பெற்ற கேசவராவ் தைபர். கிருஷ்ணராக வந்த சிறுவன் டி.ஆர்.மகாலிங்கம், பிற்பாடு தமிழ்நாட்டையே பாட்டால் கட்டிப்போட்டவர், அவருக்கு அதுதான் முதல் படம். யசோதையாக டி.பி.ராஜலட்சுமி, 'காளிதாஸ்' கதாநாயகி. இவர்கள் எல்லாம் சொந்தக் குரலில் பாடுகிறவர்கள். தேவகியாக நடித்த பெண்ணின் பாட்டுத்தான் சரிப்படவில்லை. அந்த நடிகையை மாற்றுவதற்குப் பதில் குரலை மட்டும் மாற்றினார்கள். லலிதா வெங்கட்ராமன் பாடினார், தேவகி வாயசைத்தார். தமிழில் பின்னணிப் பாடல் வந்த முதல் படம் என்று சினிமா வரலாற்றில் இதைத்தான் குறிக்கிறார்கள்.

நம்ம துறை மாணவர்களுக்காக இதன் வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 கட்டம். செகண்டுக்கு 24 கட்டம் ஓடுவதால் நிமிஷத்துக்கு 90 அடி. முன்னால் பதிந்த பாட்டை செட்டில் ஒலிபெருக்கியில் ஓட்டி, நடிகை அதைக் கேட்டு வாயசைக்க, கேமரா ஓடும். கேமரா ஓடும் வேகமும் பாட்டு ஓடும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் சிங்க்ரனஸ் மோட்டார், நாம் மெஷின்ஸ் பாடத்தில் படிப்பது. சப்ளையின் ஃப்ரீக்வென்சியோடு பூட்டிக்கொண்டு சுற்றும், லோடு கூடினாலும் வேகம் குறையாது. பிறகு கிளாப் கட்டை. கட்டை மூடுகிற கட்டத்தைப் படத்தில் தேடு, டக் என்ற சத்தத்தை ஒலிச்சுருளில் தேடு, ரெண்டையும் நேராக வை. கடைசியில் ரெண்டையும் ஒரே ஃபிலிமில் அச்சிடும்போது, சத்தத்தை அதன் படத்துக்கு ஏறக்குறைய 20 கட்டம் முன்னால் தள்ளி அச்சிட வேண்டும். புரொஜக்டரில் லென்ஸ் ஒரு இடத்தில், சத்தம் படிக்கும் விளக்கு வேறொரு இடத்தில் இருப்பதால் இந்த ஏற்பாடு.

'நந்தகுமார்' கதைக்கு வருகிறேன். பிரகதி பிறகு கொஞ்சம் நிமிர்ந்தது. 1940-ல் தெலுங்கில் 'பூகைலாஸ்' நன்றாக ஓடியது. 1941-ல் 'சபாபதி', டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் அடித்த லூட்டியை எங்க பாட்டி டிவியில் போட்டால் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கும். நடுவில் தோல்விகளும் உண்டு, அவற்றை விட்டுவிடுகிறேன்.

1943-ல் ஆர்.நாகேந்திர ராவ், சுப்பையா நாயுடு, லட்சுமிபாய் நடித்த அரிச்சந்திரன் கதை கன்னடத்தில் வந்தது. அதை மறுபடி தமிழில் எடுக்காமல், அதே படத்துக்குத் தமிழ்ப் பேச்சை ஒட்டி 1944-ல் வெளியிட்டார் மெய்யப்பன். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு டப் செய்த முதல் படம் அது. இன்றைக்கு நாம் டிவியில் ரிமோட்டை அழுத்தி மொழி மாற்றுகிறோமே, அந்த வழியில் போன முதல் ஆள் காரைக்குடி தட்டுக் கடைக்காரர்.

டப்பிங் என்பது பின்னணிப் பாட்டைவிடக் கஷ்டம். பாட்டில் குரல் முன்னே வந்துவிடும், வாய் அதைப் பின்பற்றும். டப்பிங்கில் வாய் முன்னே முடிந்துவிட்டது. குரல்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். எங்கே பிடிப்பது? உதட்டில்தான். ப, ம ரெண்டு எழுத்துக்கும் உதடு ஒட்டாமல் சத்தம் வராது. கன்னடத்துக்காரர் உதட்டை மூடுகிற கட்டத்தில் தமிழிலும் ஒரு பகரமோ மகரமோ வந்து விழுந்தால், பார்க்கிறவன் நம்பிவிடுவான். மற்ற எழுத்துகள் முன்னே பின்னே இருந்தாலும் கண் மன்னித்துவிடும். இதை நான் சும்மா சொல்லவில்லை, பிறகு சொல்கிறேன்.

1945-ல் 'ஸ்ரீ வள்ளி'. முருகனாக டி.ஆர்.மகாலிங்கம், வள்ளியாகக் குமாரி ருக்மணி. ருக்மணி தன் பாட்டைத் தானே பாடியிருந்தார். படமும் எடுத்தாயிற்று. செட்டியாருக்கு அந்தப் பாட்டில் திருப்தி இல்லை. மகாலிங்கம் கணீரென்று உச்சத்தில் பாடுகிறவர், அவருக்குப் பக்கத்தில் நிற்க இன்னும் பலமான சாரீரம் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். பி.ஏ.பெரியநாயகியைக் கூப்பிட்டார். ஏற்கெனவே எடுத்து முடித்த படத்தில் ருக்மணியின் உதடு எப்படி அசைகிறதோ அதைப் பார்த்துப் பார்த்துப் பெரியநாயகி பாடினார். அதாவது பாட்டுக்கு வாயசைக்கவில்லை, வாய்க்குப் பாட்டு அசைந்தது! தாளம் ஒரு மாத்திரை தப்பினால் அம்பேல். ஆனால் சரியாக வந்தது. படம் பிரமாதமாக ஓடியது. ஏவி.எம். என்ற பெயருக்குப் பெரிய பலம் வந்தது இதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த வாரம் நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

நடந்தது இதுதான். படத்தையும் சத்தத்தையும் ஒட்ட முடியாமல் நான் திணறிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் வாயும் பேச்சும் பொருந்துகிற மாதிரி வைத்தால், ஒரு நிமிஷம் போவதற்குள் அப்பாவின் வாய் முடிந்துவிடும், பேச்சு ரெண்டரை செகண்ட் கழித்துத்தான் முடியும். அப்போது நண்பர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். எதற்கு இவ்வளவு சிரமம், அப்பா பேசுவதும் குப்பத்துப் பேச்சு, மேடையில் நாலு பேருக்குப் புரியுமோ என்னமோ, நம்ம வகுப்பில் நல்ல தமிழில் ரேடியோ மாதிரிப் பேசுகிற பையன் ஒருவன் இருக்கிறான், அவனை விட்டு டப்பிங் கொடுத்துவிடலாம் என்று. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது சரி என்றுதான் பட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் பேச்சைக் கேட்டு மேடைக்குக் கீழே யாராவது சிரிப்பார்களோ என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

அந்தப் பையனும் ராத்திரி உட்கார்ந்து அழகாகப் பேசிக் கொடுத்தான். மறுநாள் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து யாருடா பேசறது என்று கேட்டார். சொன்னேன். நல்லா பேசறான் என்றார். பிறகு, நான் சொன்னது சரியா விழலையா என்று கேட்டார். போன் சரியாப் பதியலப்பா என்று நான் பொய் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து கரைக்குப் போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. அதுதான் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

அன்று ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன். ரெண்டரை செகண்ட் ஏன் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். கேமராவில் செகண்டுக்கு 23.976 படம் என்று வைத்திருந்தது. ரா வீடியோ என்பது தனித்தனிப் படங்களின் கட்டு, எந்த வேகத்தில் ஓட்டச் சொல்கிறோமோ அந்த வேகத்தில் ஓடும். எடிட்டிங் மென்பொருளில் நாங்கள் 25 என்று கொடுத்திருந்தோம். 60 செகண்டில் எடுத்தது 57.5 செகண்டில் ஓடி முடிகிறது. காந்தி தாத்தாவின் பழைய ஊமைப்படங்களில் அவர் குடுகுடுவென்று நடப்பாரே, அதே வியாதிதான்: கையால் சுற்றி மெதுவாக எடுத்ததை வேகமாக ஓட்டுவது. வேகத்தை 23.976 என்று மாற்றினேன். விலகல் போயிற்று.

இனி ஆரம்பப் புள்ளி வேண்டும். முதல் துண்டை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு நாய் வந்து வலையை முகர்ந்தது. அப்பா பேச்சை நிறுத்தாமலே துடுப்பை எடுத்துப் போட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி அதை விரட்டினார். துடுப்பு படுகிற கட்டம் படத்தில் தெளிவாக இருந்தது. போனில் பதிந்த ஒலியின் அலைக்கோட்டில் அந்த டக் ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது. கிளாப் கட்டை கிடைத்துவிட்டது! மற்ற துண்டுகளில் நாய் வரவில்லை. அங்கேதான் செட்டியாரின் டப்பிங் கைகொடுத்தது. அப்பா பாடு என்று சொல்லும்போது, மடி என்று சொல்லும்போது உதடு ஒட்டித் திறக்கிற கட்டத்தைத் தேடிப் பிடித்து, அங்கே சத்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஆறு துண்டுக்கு விடிந்துவிட்டது.

செட்டியார் கதை இன்னும் பாதி இருக்கிறது.

1945 அக்டோபர் 14-ல் ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் என்று தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். யுத்தம் முடிந்த சமயம். சென்னையில் ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது கஷ்டம். என்ன செய்தார் தெரியுமா? சொந்த ஊருக்கே போனார். காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் இடம் பிடித்து, கொட்டகை போட்டு, அங்கேயே ஸ்டூடியோ நடத்தினார். அந்தக் கொட்டகையிலிருந்துதான் 1947 பொங்கலுக்கு 'நாம் இருவர்' வந்தது. சுதந்திரம் வர இன்னும் ஏழு மாசம் இருக்கும்போதே சுதந்திரத்தைக் கொண்டாடிய படம். டி.கே.பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாட, குமாரி கமலா ஆடினார். கர்நாடகக் கச்சேரிப் பாடகி ஒருவரின் குரல், நடனச் சிறுமி ஒருத்தியின் கால். ரெண்டும் ஒட்டிக்கொண்டு பட்டிதொட்டியெல்லாம் போனது.

பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை அவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். பாரதியின் படைப்புகள் நாட்டுக்கே சொந்தமாக வேண்டும் என்ற குரல் எழுந்து, 1949-ல் ஓமந்தூரார் அரசு அவற்றை எடுத்துக்கொண்டபோது, மெய்யப்பன் தன் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். வியாபாரி ஒருவர் இப்படிச் செய்தது எனக்கு ஆச்சரியம். அவர் தான தர்மத்துக்குப் புறப்பட்டவர் இல்லை, கணக்கில் கறார் என்று பெயர் எடுத்தவர்.

1948-ல் ஸ்டூடியோவைச் சென்னைக்குக் கொண்டுவந்தார், வடபழனிக்கு. மறுவருஷம் 'வாழ்க்கை', வைஜயந்திமாலாவின் முதல் படம். இதில் எனக்கு ஒரு விஷயம் பிடித்தது. நாட்டில் முதன்முதலில் டப்பிங் செய்த மனிதர், இந்தக் கதையைத் தெலுங்குக்கும் இந்திக்கும் கொண்டுபோகும்போது டப் செய்யவில்லை. தெலுங்கில் 'ஜீவிதம்' என்றும், இந்தியில் 1951-ல் 'பஹார்' என்றும் மறுபடி படமே எடுத்தார். ஒட்டுவேலை எதுவரை தாங்கும் என்று ஒட்டத் தெரிந்தவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

1952-ல் 'பராசக்தி', நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாளோடு சேர்ந்து. சிவாஜி கணேசன் என்ற புதுப் பையனிடம் செட்டியாருக்கு முதலில் திருப்தி இல்லை, வேறு நடிகரைப் போடலாம் என்று நினைத்தார். பெருமாள் பிடிவாதமாக நின்றதால் சிவாஜி நிலைத்தார். கலைஞரின் வசனத்தை அந்தக் குரலில் கேட்டுத்தான் தமிழ்நாடு மனப்பாடம் செய்தது. அவ்வளவு கூர்மையான காதும் கண்ணும் உள்ளவருக்கும் ஒரு தடவை சறுக்கியிருக்கிறது! 1954-ல் 'அந்த நாள்', எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டே இல்லாத படம். பாட்டுத் தட்டு விற்றுப் பிழைப்பைத் தொடங்கியவர் பாட்டில்லாத படத்துக்குக் காசு போட்டார் என்றால் அந்தத் துணிச்சலை என்ன சொல்வது. 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் கமல்ஹாசன் குழந்தையாக வந்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

மெய்யப்பச் செட்டியார் 1979 ஆகஸ்ட் 12-ல் காலமானார். 2006-ல் அவருக்குத் தபால்தலை வந்தது.

குமாரி ருக்மணி அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடித்தார். லட்சுமி என்ற பெரிய நடிகைக்கு அம்மா அவர். 'ஸ்ரீ வள்ளி' தியேட்டரில் ஓடும்போது தன் முகத்திலிருந்து இன்னொருவர் குரல் வருவதை அவர் ஒரு தடவையாவது இருட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பார் அல்லவா என்று மட்டும் எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. செட்டியார் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது கதை, வள்ளி வேஷம், வேஷத்துக்கு எந்தக் குரல் பொருந்துமோ அதை வைக்கலாம். எங்க அப்பா வேஷம் போடவில்லை.

பொங்கல் விழா அன்று அப்பா வந்திருந்தார். நம்ம காலேஜுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை, கடைசி வரிசையில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் ஓட ஆரம்பித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாய் முன்னே, பேச்சு பின்னே! விடிய விடிய ஒட்டினது எப்படிப் பிரிந்தது? பார்த்தால் யாரோ ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணைத்திருக்கிறார்கள், அது சத்தத்தைத் தாமதமாகத்தான் கொடுக்கும். நிறுத்து நிறுத்து என்று ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி ஆம்ப்ளிஃபயரில் நேராகச் சொருகினேன். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். துடுப்பு போட்டில் பட்ட கட்டத்தில் டக்கென்று சத்தம் வந்தது. நாய் ஓடியது. ஹாலே சிரித்தது. நான் பயந்த சிரிப்பு அது இல்லை. பிறகு கட்டுமரம் போன கதையை அப்பா தன் பேச்சிலேயே சொல்லி முடிக்கும்வரை யாரும் சத்தம் போடவில்லை.

திரும்பிப் பார்த்தேன், அப்பா நாற்காலியில் இல்லை. விடிகாலை மூணு மணிக்குத் தொழிலுக்குப் போகணும் என்று என் நண்பனிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாராம். நாய் ஓடுகிற வரைக்கும் இருந்தாராம்.